ரஷ்ய மொழிக்கான பன்னாட்டு அமைப்பின் உறுப்பு நாடுகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராளர்களே,

வணக்கம். 2023 அக்டோபர் 13 அன்று கிர்கிஸ்தானின் தலைநகர் பிஷ்கேக்கில் கூடிய, முன்னாள் சோவியத் குடியரசுகளின் கூட்டமைப்பான சுதந்திர நாடுகளின் காமன்வெல்த்தின் தலைவர்கள், ரஷ்ய மொழிக்கெனப் பன்னாட்டு அமைப்பு ஒன்றை நிறுவும் உடன்படிக்கையில் கையொப்பமிட்டார்கள். அந்த ஆண்டையே ரஷ்ய மொழி ஆண்டாகவும் அறிவித்திருந்தார்கள். அதற்கு ஓராண்டு முன்பு அஸ்தானாவில் இந்த யோசனையை முன்வைத்தவர் ரஷ்யாவின் அதிபர் அல்லர், கஜகஸ்தானின் அதிபர் தொக்காயெவ். ஒரு காலத்தில் ஐ.நா.வின் ஜெனீவா அலுவலகத்துக்குத் தலைமை தாங்கியவர் அவர். ஆறு மொழிகள் அருகருகே புழங்கும் இடத்தில் பணியாற்றிய ஒருவர், தம் நாட்டின் முதல் மொழியாக இல்லாத ஒரு மொழிக்காக அமைப்பு வேண்டுமென்று கேட்டது எனக்கு நல்ல தொடக்கமாகவே பட்டது. அந்த நம்பிக்கையில்தான் இம்மடலை எழுதுகிறேன்.

நான் சென்னையில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ரஷ்ய மொழி கற்பித்தும், அவ்வப்போது மொழிபெயர்த்தும் பிழைத்து வருபவன். எந்த அரசின் சம்பளப் பட்டியலிலும் நான் இல்லை. என் கோரிக்கை ஒன்றே ஒன்று. இந்த மொழியை வெளிநாடுகளில் பரப்பும் வேலை இதுவரை மாஸ்கோவில் புறப்பட்டு, ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றிக்கொண்டு, கற்பவனிடம் வந்து சேர்கிறது. அந்தப் பாதையை விட்டுவிட்டு, ரஷ்ய மொழிக்கும் கற்பவனுடைய மொழிக்கும் இடையே நேராக, இரு திசையிலும் போய்வரக்கூடிய பாதையைப் போட உங்கள் அமைப்பு முதல் பணத்தைச் செலவிட வேண்டும். ஏன் இப்படிக் கேட்கிறேன் என்பதை விளக்கத்தான் இத்தனை பக்கம்.

பன்னாட்டு அரங்கில் ரஷ்ய மொழிக்கு அங்கீகாரக் குறைவு ஏதும் இல்லை. 1945ஆம் ஆண்டின் ஐ.நா. சாசனத்தின் 111ஆம் உறுப்பு, சீன, பிரெஞ்சு, ரஷ்ய, ஆங்கில, ஸ்பானிய மொழிப் படிகள் ஐந்தும் சமமாகச் செல்லும் என்று சொல்கிறது. 1968இல் அது பொதுச்சபையின் பணிமொழியாகவும் ஆனது. ரஷ்யக் கவிஞர் புஷ்கின் பிறந்த ஜூன் 6ஆம் தேதியை ஐ.நா. 2010 முதல் ரஷ்ய மொழி நாளாகக் கொண்டாடுகிறது. ரஷ்ய மொழி, இலக்கிய ஆசிரியர்களுக்கான உலகச் சங்கமான மப்ரியால் 1967இல் பாரிஸ் நகரில் தொடங்கப்பட்டது. புஷ்கின் பெயரிலான மொழி நிறுவனம் அதற்கும் ஓராண்டு மூத்தது. 2007இல் ருஸ்கி மீர் அறக்கட்டளையும் 2008இல் ரொஸ்ஸத்ரூத்னிசெஸ்த்வா என்னும் அரசு முகமையும் வந்தன. அந்த முகமையின் கீழ் இயங்கும் ரஷ்ய இல்லங்கள் என்னும் பண்பாட்டு மையங்களில் ஒன்று எங்கள் ஊரின் கஸ்தூரிரங்கன் சாலையிலேயே இருக்கிறது. இத்தனைக்குப் பிறகும் இன்னோர் அமைப்பு தேவைப்படுகிறது என்றால், ஏற்கெனவே இருப்பவற்றில் ஏதோ ஒன்று எட்டவேண்டிய இடத்தை எட்டவில்லை என்றுதான் பொருள்.

அது எதுவென்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் 6ஆம் தேதி விழாவுக்கு என்னை அழைத்திருந்தார்கள். எந்த அமைப்பு என்பது இங்கே முக்கியமில்லை. மேசையில் சமோவார் என்னும் ரஷ்யத் தேநீர்க் கொதிகலன் இருந்தது, அதில் தண்ணீர் இல்லை. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி புஷ்கின் கவிதை ஒன்றைத் தடங்கலின்றி ஒப்பித்தாள். கீழே இறங்கி வந்தபோது அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். கவிதை முழுவதும் தமிழ் எழுத்தில் எழுதப்பட்டிருந்தது. பொருள் தெரியுமா என்று கேட்டேன். குளிர்காலத்தைப் பற்றியது என்று மிஸ் சொன்னார்கள் என்றாள். சான்றிதழ் கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள். மறுவாரம் அந்தப் பெண் ரஷ்ய மொழி கற்க விரும்பி வந்தபோது வகுப்பும் இல்லை, அவள் வயதுக்கேற்ற பாடநூலும் இல்லை. ஆண்டறிக்கையில் அந்த விழா ஒரு வரியாக ஏறியிருக்கும். கவிதை ஒப்பித்த மாணவர் எண்ணிக்கையில் அவளும் ஒருத்தியாக இருந்திருப்பாள்.

இதற்கு நேர்மாறான காலம் ஒன்றும் இருந்தது. இந்தியைக் கட்டாயமாக்குவதை எதிர்த்து 1965இல் தமிழ்நாடு கொந்தளித்ததே, அதே ஆண்டுகளில்தான் மாஸ்கோவில் அச்சான தமிழ் நூல்கள் எங்கள் சிற்றூர்கள்வரை வந்துகொண்டிருந்தன. முன்னேற்றப் பதிப்பகமும் பின்னாளில் ராதுகாவும் வெளியிட்டவற்றை நியூ செஞ்சுரி புத்தக நிலையம் கொண்டுவந்து விற்றது. பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா, நா. தர்மராஜன் போன்றவர்களின் தமிழில் ரஷ்ய நாவல்களைப் படித்த தலைமுறை ஒன்று இங்கே உருவானது. கெட்டி அட்டை, நல்ல தாள், மாணவன் கைக்கு எட்டும் விலை. அவற்றோடு கட்சிப் பரப்புரையும் சேர்ந்தே வந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. அந்தத் துண்டு நூல்கள் பழைய பேப்பர்க்காரருக்குப் போய்விட்டன, நாவல்கள் அலமாரியில் தங்கிவிட்டன. அந்த நூல்களின் கடைசிப் பக்கத்தில் ஒரு குறிப்பு இருக்கும்: மொழிபெயர்ப்பைப் பற்றியும் நூலின் அமைப்பைப் பற்றியும் உங்கள் கருத்தை எழுதுங்கள் என்று கேட்டு, ஜூபோவ்ஸ்கி புல்வார், மாஸ்கோ என்று முகவரி தந்திருப்பார்கள். பதின்மூன்று வயதில் நானும் ஓர் அஞ்சலட்டை எழுதினேன். பதில் வரவில்லை. ஆனாலும் நம்மிடம் கருத்துக் கேட்கிறார்களே என்ற வியப்புதான் என்னை இந்த மொழியின் பக்கம் தள்ளியது.

அந்தக் காலத்தில் ரஷ்யர்கள் எங்கள் மொழியைக் கற்றார்கள் என்பதையும் இங்கே நினைவூட்டியாக வேண்டும். பியாதிகோர்ஸ்கியும் ருதினும் தொகுத்த தமிழ்–ரஷ்ய அகராதி 1960இல் மாஸ்கோவில் வெளிவந்தது. ருதின் தம்மைச் செம்பியன் என்றே அழைத்துக்கொண்டவர். அந்திரோனவ் தமிழ் இலக்கணம் எழுதினார். மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் தமிழ் கற்பித்த அலெக்சாந்தர் துப்யான்ஸ்கி, சங்கப் பாடல்களைப் பற்றி எங்கள் பேராசிரியர்களுக்குச் சமமாக உட்கார்ந்து விவாதித்தவர். 2020 நவம்பரில் கொரோனாவுக்கு அவரை இழந்தோம். இவர்களில் யாரும் ரஷ்ய மொழியைப் பரப்ப வந்தவர்கள் அல்லர். ஆனால் இவர்களால் ரஷ்ய மொழிக்கு எங்களிடையே கிடைத்த மதிப்பை எந்த விழாவும் பெற்றுத் தந்ததில்லை. 1991க்குப் பிறகு மாஸ்கோவில் தமிழ் நூல்கள் அச்சாவது நின்றது, அகராதி மறுபதிப்புக் காணவில்லை. என்னிடமுள்ள படியின் முதுகை மூன்று முறை ஒட்டியிருக்கிறேன்.

இனி வகுப்பறைக்கு வருகிறேன், ஏனெனில் நேர்ப்பாதை என்று நான் சொல்வது வெறும் உணர்ச்சிப் பேச்சு அல்ல. இந்தியாவில் எங்களுக்குக் கிடைக்கும் ரஷ்யப் பாடநூல்கள் ஆங்கில விளக்கத்தோடு வருபவை. ஆங்கிலேயர் எங்கே தடுக்கி விழுவாரோ அங்கே கைபிடித்துக் கூட்டிச்செல்ல எழுதப்பட்டவை. தமிழ் மாணவன் தடுக்குமிடங்கள் வேறு. 'அவர் மருத்துவர்' என்பதை ரஷ்யன் 'ஓன் வ்ராச்' என்கிறான். இரண்டு சொல், நடுவில் எதுவும் இல்லை. பாடநூலோ, 'இருக்கிறார்' என்ற வினைச்சொல்லை ரஷ்ய மொழி ஏன் விட்டுவிடுகிறது என்று ஒரு பக்கம் விளக்குகிறது. தமிழிலும் அந்தச் சொல் இல்லை என்பதால் அந்தப் பக்கம் எங்கள் மாணவனைக் குழப்புவதோடு சரி. 'எனக்குக் குளிருகிறது' என்பது 'ம்னே ஹோலத்னா'. இரு மொழியிலும் 'எனக்கு' என்றுதான் தொடங்குகிறோம். 'என்னிடம் இருக்கிறது' என்பதும் 'உ மின்யா யெஸ்த்' என்பதும் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்தவை. 'படித்தேன்' என்பதற்கும் 'படித்துவிட்டேன்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நாவிலேயே வைத்திருக்கிற பிள்ளைக்கு, 'சிதால்', 'ப்ரச்சிதால்' என்ற இரண்டு வினைகளின் வேறுபாட்டை ஆங்கிலத்தின் காலவகைகளை வைத்து மூன்று வாரம் நடத்துகிறோம். 'விடு', 'முடி' என்ற துணைவினைகளைச் சுட்டிக் காட்டினால் ஒரு பிற்பகலில் பாதி வேலை முடிந்துவிடும்.

ஒரு பிழையைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். என் மாணவர்கள் ஆண்டுதோறும், 'பேனாவால் எழுதுகிறேன்' என்று ரஷ்ய மொழியில் எழுதச் சொன்னால், 'பேனாவோடு சேர்ந்து எழுதுகிறேன்' என்று பொருள்படும்படி, தேவையில்லாத ஒரு முன்னிடைச்சொல்லைச் சேர்த்து எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் கருவிக்கும் துணைக்கும் ஒரே சொல் என்பதால் வந்த பிழை இது. தமிழின் மூன்றாம் வேற்றுமையில் 'ஆல்' உருபு கருவிக்கும் 'ஓடு' உருபு உடன்வருவதற்கும் தனித்தனியே நிற்கின்றன. ரஷ்ய மொழியும் இரண்டையும் ஒரே வேற்றுமையில் வைத்து, முன்னிடைச்சொல் உண்டா இல்லையா என்பதால் பிரித்துக் காட்டுகிறது. எட்டு வேற்றுமையைப் பள்ளியில் மனப்பாடம் செய்த பிள்ளை, ஆறு வேற்றுமை உடைய மொழியைக் கற்க, வேற்றுமையே ஏறக்குறைய அற்றுப்போன மொழியின் உதவியை நாடி நிற்கிறான். (எல்லாம் ஒத்துப்போகும் என்று சொல்லவில்லை. நடந்து போவதற்கும் வண்டியில் போவதற்கும் ரஷ்யர்கள் தனித்தனி வினை வைத்திருப்பது என் மாணவர்களை இன்றும் அழவைக்கிறது. அங்கே எனக்கும் உதவி தேவை.)

உங்கள் அமைப்புக்கு இது மிகச் சிறிய செய்தியாகத் தோன்றலாம். அப்படியானால் மருத்துவமனைக்கு வாருங்கள். தமிழ்நாட்டிலிருந்து ரஷ்யாவுக்கு மருத்துவம் படிக்கப் போகும் பிள்ளைகளை நீங்கள் அறிவீர்கள். இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் 2021இல் வகுத்த விதிகளின்படி, வெளிநாட்டு மருத்துவப் படிப்பு 54 மாதங்களுக்குக் குறையக் கூடாது, ஆங்கில வழியில் அமைய வேண்டும், அதே நிறுவனத்தில் 12 மாதம் பயிற்சி மருத்துவராகவும் பணியாற்ற வேண்டும். படிப்பு ஆங்கிலத்தில் நடக்கும். ஆனால் நோயாளி ஆங்கிலத்தில் வலிப்பதில்லை. வோல்கா கரை நகரம் ஒன்றில் படித்த என் முன்னாள் மாணவர் ஒருவர் சொன்னது இது. வார்டில் ஒரு மூதாட்டி, பாடநூலில் உள்ளபடி 'எனக்கு வயிறு வலிக்கிறது' என்று சொல்லவில்லை. 'ஷிவோத் க்ரூதித்' என்றாராம். அகராதியைப் புரட்டிய மாணவருக்குக் கிடைத்த பொருள் 'சுழற்றுகிறது', 'திருகுகிறது' என்பவை. சக்கரத்தைச் சுழற்றுவதற்கும் வயிற்றுக்கும் என்ன தொடர்பு என்று அவர் விழித்துக்கொண்டிருந்தபோது, மூதாட்டி பொறுமையிழந்து போர்வையை இரண்டு கையாலும் பிழிந்து காட்டியிருக்கிறார். வயிறு முறுக்குகிறது! எங்கள் பாட்டி சொல்வதும் அதுதான். விலாவில் 'கோலித்' என்றால் குத்துகிறது. தலை 'குதீத்' என்றால் கிண்ணென்று இருக்கிறது. இந்தச் சொற்களை ஆங்கில மருத்துவக் கையேட்டின் வழியாகக் கொண்டுபோனால் 'வலி, தன்மை அறியப்படவில்லை' என்று முடியும். தமிழிலிருந்து நேரே போனால் அரை விநாடியில் விளங்கும். நோயாளியிடம் பேசப் பழகாமல் ஆறாண்டு முடித்துத் திரும்பிய மருத்துவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்களுக்கு மொழி நாள் சான்றிதழைவிட நூற்றைம்பது பக்கக் கையேடு ஒன்று பயன்பட்டிருக்கும்.

அதேபோல் கூடங்குளம். 1988இல் கோர்பச்சேவும் ராஜீவ் காந்தியும் செய்த ஒப்பந்தத்தின்படி எழுந்த அணுமின் நிலையத்தின் பொருட்டு, ரஷ்யப் பொறியாளர்கள் குடும்பத்தோடு திருநெல்வேலி மாவட்டக் கடற்கரையில் ஆண்டுக்கணக்கில் தங்கியிருக்கிறார்கள். ஒருமுறை மொழிபெயர்ப்புப் பணிக்காக அந்தப் பக்கம் போனபோது, காய்கறி விற்ற அம்மாள் ஒருவர் ரஷ்யப் பெண்மணியிடம் தக்காளியை நீட்டி 'ஸ்வேஷி, ஸ்வேஷி' என்றதைக் கேட்டேன். புதுசு என்று சொல்ல அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நூறுவரை எண்ணிக்கையும் வைத்திருந்தார். அந்த ரஷ்யப் பெண்மணியும் சளைக்காமல் 'விலை ஜாஸ்தி' என்றார், திருநெல்வேலி ஏற்ற இறக்கத்தோடு.

இப்போது கொஞ்சம் கசப்பான பகுதி. இதைத் தவிர்த்து எழுதினால் இம்மடல் நேர்மையாக இருக்காது.

ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்த 2022 பிப்ரவரி 24க்குப் பிறகு ரஷ்ய மொழியின் பெயரை உலகம் வேறு காதோடு கேட்கிறது. ரஷ்ய மொழி பேசுவோரைக் காப்பது போருக்கான காரணங்களுள் ஒன்றாகச் சொல்லப்பட்டது. ஆனால் குண்டு விழுந்த நகரங்களில் பல, கார்கிவும் மரியுப்போலும் உட்பட, மக்கள் ரஷ்ய மொழியை வீட்டில் பேசிய நகரங்கள். தாய்மொழியாகப் பேசிவந்தவர்களே அதைக் கைவிட்டு உக்ரைனிய மொழிக்கு மாறும் நிலை வந்தது. அதே 2022 ஜூலையில் ருஸ்கி மீர் அறக்கட்டளையையும் ரொஸ்ஸத்ரூத்னிசெஸ்த்வாவையும் ஐரோப்பிய ஒன்றியம் தடைப்பட்டியலில் சேர்த்தது. லாத்வியா 2023 செப்டம்பர் முதல் பள்ளிகளை லாத்விய மொழிக்கு மட்டும் மாற்றத் தொடங்கியது. அங்கே பிறந்த ரஷ்யக் குழந்தைகள் அதன் சுமையைச் சுமக்கிறார்கள், அதுவும் எனக்கு உவப்பில்லை. ஆனால் மொழியைத் தூதரகத்தின் ஒரு கிளையாக நடத்தும்போது, தூதரகத்தின் மீது விழும் அடி மொழியின் மீதும் விழும். மொழிப்பற்றையும் மொழித்திணிப்பையும் இரண்டையும் பார்த்த மாநிலத்திலிருந்து எழுதுகிறேன்; இந்த வேறுபாட்டை எங்கள் காது சீக்கிரம் பிடித்துவிடும்.

ரஷ்ய அரசின் பேராளர்களிடம் தனியாக ஒன்று கேட்க வேண்டும். 2022 செப்டம்பரில் தஜிகிஸ்தானில் ரஷ்ய மொழிவழிப் பள்ளிகள் ஐந்தைக் கட்டித் திறந்தீர்கள், நல்ல காரியம். ஆனால் 2025 ஏப்ரல் 1 முதல் ரஷ்யாவுக்குள், வேலை தேடி வந்த வெளிநாட்டினரின் குழந்தைகள் ரஷ்ய மொழித் தேர்வில் தேறினால்தான் பள்ளியில் சேர முடியும் என்று சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆக, ஒரு தஜிக் சிறுமி துஷான்பேயில் இருந்தால் அவளுக்கு ரஷ்ய மொழி கற்பிக்கப் பள்ளி உண்டு. அவள் அப்பாவோடு மாஸ்கோவுக்கு வந்து, அங்கே மொழி தெரியாமல் நின்றால், பள்ளிக் கதவு சாத்தப்படும். மொழியைப் பரப்புவதற்கென்று பன்னாட்டு உடன்படிக்கை செய்துகொண்ட நாடு, அம்மொழி தெரியாத குழந்தை தன் வாசலுக்கே வந்து நிற்கும்போது வகுப்பில் உட்கார வைக்காமல் திருப்பி அனுப்புவதை எந்த ஏட்டில் எழுதுவது?

மற்ற உறுப்பு நாடுகளே, இந்த அமைப்பு உங்களுடையதும்தான். பெலாருஸில் 1995 பொதுவாக்கெடுப்பு முதல் ரஷ்ய மொழி அரச மொழிகளில் ஒன்று. கிர்கிஸ்தானில் அது அலுவல் மொழி. தஜிகிஸ்தானின் அரசியல் சட்டம் அதைத் தேசிய இனங்களுக்கிடையிலான தொடர்பு மொழி என்கிறது. இந்த மூன்று நிலையும் வெவ்வேறு. மூன்று நாட்டின் பேச்சிலும் ரஷ்ய மொழி வெவ்வேறு வாசனையோடு இருக்கிறது. பிரெஞ்சு மொழி பேசும் நாடுகளின் கூட்டமைப்பு 1970இல் நியாமேயில் பிறந்தது. ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில், பாரிஸில் அல்ல. அதற்கும் காலனியச் சுமை உண்டு, குறைசொல்ல நிறைய உண்டு. இருந்தாலும் அதன் தலைமைச் செயலர் பொறுப்பில் எகிப்தியரும் செனகல்காரரும் ருவாண்டாக்காரரும் இருந்திருக்கிறார்கள். உங்கள் அமைப்பின் தலைமையும் அகராதிக் குழுக்களும் அல்மாத்தியிலும் பிஷ்கேக்கிலும் மின்ஸ்க்கிலும் சுற்றிவர ஏன் கூடாது?

பிஷ்கேக் என்றதும் எங்கள் வாசகர்களுக்கு நினைவு வருவது உடன்படிக்கை அல்ல, சிங்கிஸ் ஐத்மாத்தவ். கிர்கிஸ் மொழியிலும் ரஷ்ய மொழியிலும் எழுதிய அவரை ரஷ்ய மொழிதான் தமிழுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அவருடைய ஊரின் குதிரையும் புல்வெளியும் எங்கள் கரிசல் காட்டு வாசகனுக்கு அந்நியமாகத் தெரியவில்லை. பெரிய மொழி ஒன்று சிறிய மொழியைத் தோளில் ஏற்றி இன்னொரு சிறிய மொழியின் வீட்டுவாசலில் இறக்கிவிட்டதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல சான்று இது. இன்றைய கிர்கிஸ், தஜிக், உஸ்பெக் எழுத்தாளர்களை அதே தோளில் ஏற்றிவிட உங்கள் அமைப்பால் முடியும். அப்படிச் செய்தால் அந்த நாடுகளிலேயே ரஷ்ய மொழியின் மீதுள்ள ஐயம் குறையக்கூடும் என்று நினைக்கிறேன்.

என் அரசுக்கும் இதில் பங்குண்டு என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஷாங்காய் ஒத்துழைப்பு அமைப்பில் இந்தியா 2017இல் சேர்ந்தது. அதன் அலுவல் மொழிகள் ரஷ்ய மொழியும் சீன மொழியும்; ஆங்கிலத்தை மூன்றாவதாகச் சேர்க்க வேண்டுமென்று இந்தியா கேட்டுவருகிறது. கேட்கட்டும். அதோடு நூறு ரஷ்ய மொழிபெயர்ப்பாளர்களையும் நாமே உருவாக்கலாமே என்று டெல்லியிடம் நான் தனியே கேட்டுக்கொள்கிறேன்.

உங்களிடம் கேட்பது பெரிய தொகை அல்ல. 1960ஆம் ஆண்டின் தமிழ்–ரஷ்ய அகராதியைத் திருத்தி, கணினியிலும் கைபேசியிலும் எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி வெளியிட உதவுங்கள். தமிழ் இலக்கணத்தை அடியாகக் கொண்ட ஒரு தொடக்கப் பாடநூலை எழுத, மாஸ்கோவிலோ பீட்டர்ஸ்பர்க்கிலோ தமிழ் படித்த ஒருவரையும் இங்கே ரஷ்ய மொழி கற்பிக்கும் ஒருவரையும் ஓராண்டு ஒரே அறையில் உட்கார வையுங்கள். இதே ஏற்பாட்டை வியட்நாமிய மொழிக்கும் ஸ்வாஹிலிக்கும் வங்காளிக்கும் செய்யலாம். தமிழை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றுகூட நான் வற்புறுத்தவில்லை. இந்தப் பணிகளில் எந்த நாட்டுக் கொடியும் முகப்பில் வேண்டாம், எந்த அரசியல் நிலைப்பாட்டிலும் ஆசிரியரின் கையொப்பம் கேட்க வேண்டாம்.

மருத்துவக் கையேட்டைப் பொறுத்தவரை, வேலையை நான் தொடங்கிவிட்டேன். வலி, குத்தல், எரிச்சல், மரத்துப்போதல், மயக்கம் என்று பிரித்து, நோயாளிகள் உண்மையில் சொல்லும் 212 சொற்றொடர்களைத் தமிழிலும் ரஷ்ய மொழியிலும் எதிரெதிராகத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். அவற்றில் முப்பது, நாற்பது எனக்கே உறுதியில்லாதவை. சரிபார்க்க, வார்டில் பல்லாண்டு வேலைபார்த்த ரஷ்யத் தாதி ஒருவர் வேண்டும். சைபீரியக் கிராமத்துப் பேச்சும் தெரிந்தவராக இருந்தால் மிகவும் நல்லது. அப்படி ஒருவரை வாரத்துக்கு ஒரு மணி நேரம் காணொளியில் பேசவைக்க உங்களால் முடியுமென்றால், அந்தப் பட்டியலை அன்றே அனுப்பிவைக்கிறேன்.

பணிவுடன்,
சென்னையிலிருந்து ஒரு ரஷ்ய மொழி ஆசிரியர்